பிரிட்டா போட்ட கோடு

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை படகைத் தண்ணீரிலிருந்து எடுத்தோம். செப்டம்பரிலேயே எடுத்திருக்க வேண்டும். ஏரி உறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. உறைந்துவிட்டால் பனிக்கட்டி இரண்டு பக்கமும் நெருக்கிப் படகின் வயிற்றை உடைத்துவிடும். பிறகு மே மாதத்தில் துண்டுகளைப் பொறுக்க வேண்டியதுதான்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. படகை ஏற்றும் ட்ரெய்லரைப் பின்னோக்கி இறக்க எனக்குத் தெரியாது.

எனக்கும் என் மனைவி பிரிட்டாவுக்கும் நடுவில் எட்டு வருஷப் பங்கீடு. தண்ணீரில் படகை ஓட்டுவது என்னுடையது. ஏரிக்குள் இறங்கும் கான்கிரீட் சரிவில் பிக்கப் வண்டியை ட்ரெய்லரோடு பின்னோக்கி இறக்குவது பிரிட்டாவினுடையது. இந்தப் பக்கத்தில் கல்யாணமான முதல் கோடையிலேயே முடிவாகிவிடுகிற விஷயம் இது. யார் படகு, யார் வண்டி. அதற்குப் பிறகு மாற்றமாட்டார்கள். மாற்றிப் பார்க்கும் ஜோடிகள் சரிவில் நின்று கத்திக்கொள்வதைப் பார்க்கவே சிலர் சனிக்கிழமைகளில் மடக்கு நாற்காலி கொண்டு வருவதுண்டு.

பிரிட்டா ஜூலை பதினொன்றாம் தேதி இறந்தாள். கால்நடை மருத்துவர். நாற்பது மைல் தள்ளி ஒரு பண்ணையில் கன்று ஈனவைத்துவிட்டு வெளியே வந்தவள், கை கழுவிவிட்டு, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய். வயது முப்பத்துமூன்று. கன்று பிழைத்துவிட்டதாகப் பண்ணைக்காரர் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நானும் நல்லது என்றேன்.

அதன்பிறகு வீட்டில் அவள் வைத்ததை எல்லாம் யாராவது நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். துணிகளை அவள் அம்மா பெட்டிகளில் போட்டு எடுத்துப்போனாள். மருந்துப் பையை அவளோடு வேலை செய்தவர்கள் வந்து வாங்கிப்போனார்கள். அடுப்படி மேடையை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த கண்ணாடித் தட்டங்கள் நிறைத்தன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியவை. பதினோரு தட்டம். கழுவி அடுக்கியிருந்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

அவள் வைத்த இடத்திலேயே பெரிதாக மிச்சமிருந்தது படகு ஒன்றுதான். மே மாதம் அவள் தண்ணீரில் இறக்கியது. எங்கள் வீட்டுத் துறையில் அப்படியே கட்டிக் கிடந்தது. படகுக் கடைக்காரனைக் கூப்பிட்டால் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அவள் இறக்கியதை யாரோ ஒருவன் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. எடுப்பதானால் நான் எடுக்க வேண்டும்.

காலையில் ஸ்டெலன் வந்தான். பிரிட்டாவின் தம்பி. மான் வேட்டைக்காக மரத்தில் பரண் கட்டும்போது விழுந்து, இடது தோள்மூட்டு விலகி, கையைத் தொட்டில்போலக் கழுத்தோடு கட்டியிருந்தான்.

“ஒத்தக் கையில படகு ஓட்டிருவியா?” என்றேன்.

“இந்த ஏரியில எல்லாரும் ஒத்தக் கையிலதான் மச்சான் ஓட்டுறாங்க. இன்னொரு கையில பியர் இருக்கும். எனக்குக் கட்டு இருக்கு. அவ்வளவுதான்.”

“வண்டிய நான் பின்னால எடுக்கணும்.”

“தெரியும். நீ ரிவர்ஸ்ல போய் தபால்பெட்டிய இடிச்சுச் சாச்சியே, அந்த ஃபோட்டோவ அக்கா கல்யாண ஃபோட்டோவுக்கு மேல மாட்டி வச்சிருந்தா.”

அது உண்மை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அவன் படகை எடுத்துக்கொண்டு ஏரியைக் குறுக்கே கடந்தான். நான் காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சாலை வழியாகச் சுற்றிப் போனேன்.

சரிவில் எனக்கு முன்னால் நான்கு வண்டிகள். கடைசி வெயில் சனிக்கிழமை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஊரே படகெடுக்க வந்திருந்தது. ஆரஞ்சு அங்கி போட்ட பெண் ஒவ்வொரு ட்ரெய்லராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கலியா என்று அங்கியில் எழுதியிருந்தது. ஒரு ஏரியின் சிப்பியும் பாசியும் இன்னொரு ஏரிக்குப் போய்விடாமல் பார்ப்பது அவள் வேலை.

“ஏத்தறதுக்குத்தானே?”

“ஆமா.”

“மேல வந்ததும் அந்த மரத்தடில நிறுத்துங்க. அடி மூடியக் கழட்டித் தண்ணிய வடிச்சிட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும். அப்புறம் ரெண்டு கேள்வி கேப்பேன்.”

“சரி.”

என் முறை வந்தது. பின்னோக்கி எடுத்தேன். ட்ரெய்லர் இடது பக்கம் மடங்கியது. முன்னால் போய் நேராக்கினேன். மறுபடி எடுத்தேன். வலது பக்கம் மடங்கியது. மூன்றாவது முறை வண்டியும் ட்ரெய்லரும் மடித்துவைத்த பேனாக்கத்தி போல நின்றன.

பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். அறுபது வயதிருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பு நாய். அவள் கணவன் தண்ணீரில் தன் படகோடு காத்திருந்தான்.

“தம்பி, ஈஸ்டருக்கு முன்னாடி முடிச்சிருவியா? ஆட்டிறைச்சிக்குச் சொல்லி வைக்கணும்.”

“டார்லீன், விடு,” என்று தண்ணீரிலிருந்து அவள் கணவன் கத்தினான்.

“நீ பேசாம இரு வெர்ன். உன்னோட மொத வருஷம் இதைவிடக் கேவலம்.”

ஸ்டெலன் படகை மிதக்கவிட்டு எழுந்து நின்றான்.

“மச்சான், ஸ்டியரிங்க மேல புடிக்காத. கீழ புடி. அடியில. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் தள்ளு. அவ்வளவுதான் வித்தை. பதினாலு வயசுல அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது.”

“எனக்குச் சொல்லவே இல்லையே.”

“நீ கேட்டியா?”

கேட்டதில்லை. எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட.

கையை அடியில் வைத்தேன். வலது பக்கம் தள்ளினேன். ட்ரெய்லர் வலது பக்கம் போனது. இடது பக்கம் தள்ளினேன். வந்தது. மெதுவாக, பாம்பு போல நெளிந்து நெளிந்து இறங்கினேன். ட்ரெய்லரின் சக்கரங்கள் தண்ணீருக்குள் போயின. என் பக்க ஜன்னலைத் திறந்து, தலையை நீட்டி, கான்கிரீட் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் தேடியது ஒரு கோடு. பிரிட்டா போட்டது. ஒரு விரல் நீளம், பரங்கிப்பழ நிறத்தில் நகப்பூச்சு. அவள் நகத்துக்குப் பூசி நான் பார்த்ததில்லை. பசுவுக்குள் கையை விடுகிறவள். அந்தப் புட்டியை இதற்காகவே வாங்கி வண்டிக்குள் வைத்திருந்தாள். ஒவ்வொரு மே மாதமும் கோட்டின் மேல் இன்னொரு பூச்சு. ஓட்டுநர் கதவின் கைப்பிடி கோட்டுக்கு நேராக வந்ததும் நிறுத்துவாள். நான் படகை ஏற்றுவேன். முட்டியதே இல்லை.

கோடு வந்தது. பூச்சு கொஞ்சம் உரிந்திருந்தது. கைப்பிடி அதற்கு நேராக வந்ததும் நிறுத்தி, கைப்பிரேக் போட்டேன்.

ஸ்டெலன் படகை நேராகக் கொண்டுவந்தான். மூக்கு ட்ரெய்லரின் கம்பளம் ஒட்டிய பலகைகளுக்கு நடுவில் நுழைந்தது. பாதி வழியில் பலகைமேல் தட்டி நின்றது. நான் இறங்கி, ட்ரெய்லர் முனையில் கைப்பிடி சுற்றி இழுக்கும் வின்ச்சின் பட்டையைப் படகின் மூக்கு வளையத்தில் மாட்டிச் சுற்றினேன். பட்டை விறைத்து முனகியது. படகு நகரவில்லை.

“தண்ணி பத்தல. இன்னும் பின்னால வா.”

“கோடு இங்கதான் இருக்கு.”

“என்ன கோடு?”

காட்டினேன். படகிலிருந்து அவனுக்குத் தெரிந்திருக்காது.

“சரி, கோடு இருக்கட்டும். நீ இன்னும் பின்னால வா.”

“பிரிட்டா இங்கதான் நிறுத்துவா.”

 அவன் பட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, படகைப் பின்னால் எடுத்து, எஞ்சினை முடுக்கினான். படகு சீறிக்கொண்டு பலகைமேல் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வழுக்கி மறுபடி தண்ணீரில் விழுந்தது. பின்னால் சேறு கொப்பளித்தது.

கலியா வேகமாக இறங்கி வந்தாள்.

“எஞ்சின முடுக்கி ஏத்தக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு. பாக்கலையா?”

“பாத்தேன்,” என்றான் ஸ்டெலன். “நல்ல போர்டு.”

“தண்ணி போற வேகத்துல கான்கிரீட்டுக்கு அந்தாண்ட தரைய அரிச்சுப் பள்ளமாக்குது. போன வாரம் ஒருத்தர் ட்ரெய்லர் அந்தப் பள்ளத்துல இறங்கி அச்சு போயிருச்சு. இன்னொரு தடவ செஞ்சா அபராதம் எழுதிக் கொடுத்துருவேன்.”

“செய்யமாட்டான்,” என்றேன்.

வரிசை நீண்டிருந்தது. யாரோ ஒருவர் ஹார்ன் அடித்தார். டார்லீன் இறங்கி வந்தாள். கோபமாக வருகிறாள் என்று நினைத்தேன். வண்டியைச் சுற்றிவந்து பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பசு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

“இது அந்த மாட்டு டாக்டர் பொண்ணு வண்டிதானே?”

“ஆமா.”

“அதானே பாத்தேன். அவ பின்னால எடுக்குறத நான் காப்பி குடிச்சுக்கிட்டே பாத்திருக்கேன். காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிருவா. நீ அவ புருஷனா? எதுக்குய்யா உனக்கு இந்த வேலை. அவள வரச் சொல்லு.”

“வரமாட்டா.”

“சண்டையா? இந்தச் சரிவுல சண்டை போடாத ஜோடியே கிடையாது. நானும் வெர்னும் ஒரு தடவ வேற வேற வண்டியில வீட்டுக்குப் போனோம். ஃபோன் போட்டு மன்னிப்புக் கேளு. யார் மேல தப்புன்னு பாக்காத.”

“ஜூலைல செத்துப்போயிட்டா.”

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சொல்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்குத்தான் சிரமம்.  டார்லீன் திரும்பித் தன் வண்டிக்குப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். வண்டியின் எஞ்சினை அணைத்தாள். பின்னால் நடந்து, அடுத்த வண்டியின் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னாள். அந்த எஞ்சினும் அணைந்தது. பிறகு அடுத்தது. கடைசி வண்டிவரை போய்விட்டு வந்தாள். சரிவில் சத்தம் நின்றுபோனது. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தவள் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். குனிந்து கான்கிரீட் விளிம்பைப் பார்த்தாள்.

“இந்தக் கோட்டுலதான் நிறுத்துறியா?”

“ஆமா.”

“இது அவ போட்டதா?”

“ஆமா.”

“அட. வெர்ன், இங்க பாரு, கோடு போட்டது அந்த டாக்டர் பொண்ணாம்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நாங்க மூணு வருஷமா இதைப் பாத்துத்தான் நிறுத்துறோம். எங்க தெருவுல எல்லாருமே. கவுன்ட்டி ஆபீஸ்காரன் போட்டதுன்னு நெனச்சோம். கவுன்ட்டிக்காரன் செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதான்னு வெர்ன் சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

ஸ்டெலன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்திருந்தான்.

“ஆனா ஆகஸ்ட்லேர்ந்து இது சரியா வரல தம்பி. மழை எங்க பெஞ்சுது? ஏரி இறங்கிப்போச்சு. இப்ப எல்லாரும் கோட்டத் தாண்டித்தான் போறாங்க.”

நான் நில அளவையாளன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்தது மட்டம் பார்ப்பதற்குத்தான். வீட்டுத் துறையின் கம்பத்தில் பழைய நீர்க்கோட்டுக்குக் கீழே முக்கால் அடி காய்ந்து கிடப்பதை இரண்டு மாதமாகத் தினமும் பார்த்துவந்தேன். இந்தச் சரிவு நூறடிக்குப் பதின்மூன்றடி இறங்குகிறது. முக்கால் அடி தண்ணீர் இறங்கினால் சரிவில் ஏறக்குறைய ஆறடி பின்னால் போக வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. வேறு யாருடைய கோடாக இருந்தாலும் இறங்கியதுமே சொல்லியிருப்பேன்.

“மச்சான்,” என்றான் ஸ்டெலன். இப்போது சத்தம் குறைந்திருந்தது. “அது மே மாசத்துக் கோடு. அக்கா இருந்தா இன்னைக்கு அதைப் பாத்திருக்கவே மாட்டா. தண்ணியப் பாத்திருப்பா.”

 ட்ரெய்லரின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால்வரை வந்தது, பிறகு தொடைவரை. குளிர் எலும்பைப் பிடித்தது. ட்ரெய்லர் சக்கரத்தைத் தாண்டி, பூட்ஸின் நுனியால் தரையைத் தடவிக்கொண்டே நடந்தேன். பாசி. கான்கிரீட். பாசி. மூன்று எட்டு எடுத்து வைத்து, நான்காவதில் கால் ஒன்றுமில்லாத இடத்துக்குப் போனது. ஒரு காலில் நின்று கான்கிரீட் முடியும் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சக்கரத்திலிருந்து ஒன்பதடி. ஆறு போனால் மூன்று மிச்சம்.

கலியா கரையில் நின்றாள். “நான் விளிம்புக்கு நேரா நிக்கிறேன். சக்கரம் கிட்ட வந்தா கைய தூக்குறேன்.”

அது அவள் வேலை இல்லை.

வண்டியில் ஏறினேன். கால்சட்டையிலிருந்து தண்ணீர் பெடல்மேல் வடிந்தது. கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்தேன். கைப்பிரேக்கை விட்டேன். எஞ்சின் சும்மா இருந்தாலும் வண்டி தானே இறங்க ஆரம்பித்தது.

கோடு என் கைப்பிடிக்கு நேராக இருந்தது. பிறகு பக்கக் கண்ணாடிக்கு நேராக. பிறகு முன்சக்கரத்துக்கு. ஜன்னல் வழியாக அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு வண்டியின் மூக்கு மறைத்துக்கொண்டது. நிறுத்தினேன். ஆறடி. கலியா கையைத் தூக்கவில்லை.

பின்னால் எட்டிப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கையகலம் இடைவெளி. பிரிட்டா எப்போதும் விடுவது அதே கையகலம். தண்ணீரிலிருந்து பார்த்தால் வண்டி மே மாதம் நின்ற இடத்திலேயேதான் நின்றது.

படகு மிதந்து வந்து பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஸ்டெலன் எஞ்சினை அணைத்துத் தூக்கினான். நான் பட்டையை மாட்டிச் சுற்றினேன். கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் பலம் தேவைப்பட்டது. மூக்கு ரப்பர் முட்டில் தொட்டது. சங்கிலியையும் மாட்டினேன்.

ஏறும்போது பின்சக்கரம் ஈரப்பாசியில் ஒரு நொடி வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. படகு தண்ணீரைச் சிந்திக்கொண்டு பின்னால் வந்தது. கோட்டைக் கடந்தபோது நான் நிறுத்தவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக மறுபடி உயிர்பெற்றன. டார்லீன் என்னைத் தாண்டி ஒரே தடவையில் பின்னால் போனாள். ஜன்னலிலிருந்து சொன்னாள்:

“மெதுவாப் போ. வாரை இறுக்கிட்டியான்னு ஒரு தடவ பாத்துக்கோ.”

மரத்தடியில் நிறுத்தினோம். படகின் பின்பக்கம் குனிந்து அடித்துளையின் பித்தளை மூடியைத் திருகிக் கழற்றினேன். இறுகியிருந்தது. மே மாதம் திருகியது அவள் கை. திறந்ததும் தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம், இலைத்துணுக்குகள். நிற்காமல் வந்தது. ஜூலையில் ஒருநாள் பெய்த மழை, பிறகு பெய்த கொஞ்சநஞ்சம், எல்லாம் உள்ளே தங்கியிருந்திருக்கும். கலியாவும் வந்துசேர, மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டெலன் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கலியாவுக்குக் கொடுத்தான்.

அவள் கைக்கணினியைத் திறந்தாள்.

“ரெண்டு கேள்வி. படகு கடைசியா எப்ப தண்ணில இறங்குச்சு?”

“மே பதினெட்டு.”

“இதே ஏரியா?”

“இதே ஏரி.”

“அடுத்து எந்த ஏரில, எப்ப இறக்கப்போறீங்க?”

ஸ்டெலன் காப்பியைப் பார்த்தான். அவன் விற்கச் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் நண்பன் ஒருவன் படகைக் கேட்டுக்கொண்டிருந்தான். செப்டம்பரிலிருந்து அதைப்பற்றி அவன் என்னிடம் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும்.

“தெரியாதுன்னா அதுக்கு ஒரு கட்டம் இருக்கு,” என்றாள் கலியா. “நெறைய பேர் அதுலதான் போடுவாங்க.”

தண்ணீர் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றது.

“இதே ஏரி,” என்றேன். “மே மாசம்.”

அவள் தட்டிக்கொண்டாள்.  ஸ்டெலன் மிச்சக் காப்பியைப் புல்லில் ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினான்.

குளிர்காலத்தில் அந்த மூடியை வண்டிக்குள் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டு வைப்பது பிரிட்டாவின் வழக்கம். வசந்தத்தில் அதை மாட்ட மறந்து படகை இறக்கி, சரிவிலேயே மூழ்கடித்தவர்கள் இங்கே எல்லாத் தெருவிலும் உண்டு. ஒரு பழைய பூட்ஸ் கயிறு அங்கேயே முடிச்சோடு தொங்கியது. மூடியை அதில் கட்டினேன்.

வண்டியின் முன்பெட்டியைத் திறந்து நகப்பூச்சுப் புட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. பெட்டியைச் சாத்தினேன்.

“உன் கால்சட்டை இன்னும் சொட்டுது மச்சான்,” என்றான் ஸ்டெலன். “ஹீட்டரப் போடு.”

போட்டேன். வீடு வரும்வரை பித்தளை மூடி கண்ணாடியில் தட்டிக்கொண்டே வந்தது.